பைத்தியத்தின் பேச்சும் பண்டிதர் வாக்கும்

பைத்தியக்காரன் பேச்சை எவனாவது கேட்பானா என்று ஜனங்கள் சொல்லுவது வழக்கம். படியாதவன் சொன்னால் அதில் அதிசயமில்லை. மனதை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட பெரிய டாக்டர்களும் இதையே வேறு பாஷையில் சொல்லி வந்தார்கள் என்றால், நாம் யோசிக்க வேண்டாமா?

கனவுக்கும் வாய் தவறி வந்த சொல்லுக்கும்கூட அர்த்தம் உண்டென்று சொன்னவர் ஆஸ்திரிய டாக்டர் பிராய்ட். அவரே, சித்தப்பிரமை கொண்டவர்கள் வைத்தியரிடம் மனம் பற்றுவதில்லை, ஆகையால் தமது முறை அவர்களுக்குப் பயன்படாது என்று முடிவு கட்டிவிட்டார். குரு சொன்ன பிறகு சிஷ்யர்களில் மிகப் பலர் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவர்களில் ஒருவர் பிரீடா பிரோம்-ரைக்மன் அம்மையார். 1889ம் வருஷம் ஜெர்மனியில் வைதீக யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வைத்தியம் படித்து, முதல் உலக யுத்தத்தில் மூளையில் காயம்பட்ட சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்தார். பஸ்கா பண்டிகையில் புளித்த ரொட்டி தின்னலாகாது என்பது யூத மத விதி. அந்த ரொட்டியை அவரும் கணவர் எரிக் பிரோமும் பண்டிகை நாளிலேயே தின்று பார்த்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. மத விதியைச் சோதித்தவருக்குப் பிராய்ட் விதியைச் சோதிக்கப் பயமா இருக்கும்?

1933ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, 1935ல் அமெரிக்கா சேர்ந்தார். வாஷிங்டனுக்கு அருகே ராக்வில் ஊரிலிருந்த செஸ்ட்நட் லாட்ஜ் ஆஸ்பத்திரியில், 1957ல் இறக்கும் வரை வேலை செய்தார். நோயாளியைக் கட்டிலில் படுக்க வைத்துப் பின்னால் உட்காராமல், எதிரே உட்கார்ந்து பேசினார். உளறலையும் மௌனத்தையும் செய்தியாகவே எடுத்துக்கொண்டார். 1948ல் பதினாறு வயதில் அவரிடம் வந்த ஜோவான் கிரீன்பெர்க் என்ற பெண் குணமடைந்து, 1964ல் அதை நாவலாகவே எழுதினார்.

அதே வாஷிங்டனில் 1936 முதல் என்ன நடந்தது? மண்டையைத் துளைத்து மூளை நரம்புகளை அறுப்பதே சிகிச்சை என்று நடந்தது! அம்முறையைக் கண்டவருக்கு 1949ல் நோபல் பரிசும் கிடைத்தது. அறுத்தவன் விஞ்ஞானி, கேட்டவள் பேதை என்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க, அம்மையாரையும் நாம் பூஜிக்க வரவில்லை. 1948ல் அவர், பிள்ளைக்குச் சித்தப்பிரமையை உண்டாக்கும் தாய் என்றொரு வார்த்தையை எழுதினார். அவ்வளவுதான், பிள்ளை பிறந்தால் வலி, பிள்ளை பிரமை பிடித்தால் பழி என்று எல்லாம் தாய் தலையிலேயே விழுந்தது. தகப்பன் எங்கே போனான்? ஆதாரம் எங்கே? பிந்திய ஆராய்ச்சிகள் இதை ஆதரிக்கவில்லை. பரம்பரைக்குக் கணிசமான பங்குண்டு என்றே இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகள் காட்டின. பெண் எழுதினாலும் பெண்மேல் சுமத்திய வீண்பழி வீண்பழிதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போனவர்களைச் சராசரி 15 வருஷம் கழித்துத் தேடிப் பார்த்து, 1984ல் கணக்கு வெளியிட்டார்கள். பிரமை நோயாளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சுமாராகவோ அதற்கும் கீழாகவோதான் வாழ்ந்திருந்தார்கள். பேச்சு மட்டும் போதாது என்பது விளங்கிற்று. 1950களில் வந்த மருந்துகளை வேண்டாமென்பது மூடத்தனம்.

அப்படியானால் கேட்டதெல்லாம் வீண்தானே என்று சிலர் குதிக்கலாம். இல்லை. மருந்து காதில் விழும் குரலை அடக்கலாம், அஞ்சி ஒடுங்கிய மனிதனோடு உட்கார்ந்து பேச அதற்கு வாயில்லை. மருந்தோடு பேச்சுச் சிகிச்சையும் வேண்டுமென்றே இங்கிலாந்தின் இன்றைய வைத்திய வழிகாட்டுதல் சொல்லுகிறது.

ஆகவே, பிராய்ட் வாக்கும் வேதமல்ல, பிரீடா வாக்கும் வேதமல்ல. பிராய்டை அம்மையார் சோதித்தார், அம்மையாரைக் காலம் சோதித்தது. சோதனையில் தேறி நின்றது ஒன்றே: பிரமை பிடித்தவனும் மனிதன், அவன் பேச்சைக் கேட்க வேண்டும். கேட்காமலே பைத்தியம் என்று தள்ளுகிறவனுக்குத்தான் முதலில் புத்தி தெளிய வேண்டும்.