கயிற்றின் பெயரறியான் கலம் செலுத்துவானா?

"தொழில் வேறு, மொழி வேறு; தொழிலைக் கற்றாற் போதும், அதனை எம்மொழியிற் கற்றாலென்ன?" என்று கேட்கும் கூட்டமொன்று நம்மிடையே உண்டு. பள்ளியிலும் பட்டறையிலும் ஆய்வுக்கூடத்திலும் தமிழுக்கு இடமில்லை என்பதற்கு இவ்வொரு கேள்வியையே அவர்கள் படைக்கலமாகக் கொண்டுள்ளனர். அவர்களோடு ஏட்டை விரித்து வழக்காட வேண்டுவதில்லை. பாய்க்கலத்திற் பயில வரும் இளைஞரின் முதற் சில நாள்களை நோக்கினாற் போதும். அக்கேள்வியின் பொய்மை தானே வெளிப்படும்.

அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் பயிற்சிக்கலத்தை எடுத்துக்கொள்வோம். 'ஈகிள்' என்பது அதன் பெயர். கழுகு என்பது பொருள். அதற்குக் கூம்புகள் மூன்று. உயர்ந்த கூம்பு ஏறத்தாழ 147 அடி. பாய்கள் இருபதுக்கு மேல். அவற்றை விரிக்கவும் சுருக்கவும் காற்றுக்கேற்பத் திருப்பவும் உள்ள கயிறுகள் ஏறத்தாழ 200. கலத்திலுள்ள கயிற்றையெல்லாம் அவிழ்த்து நீட்டினால் 5 கல்லுக்கு மேல் நீளும்.

பள்ளிப் படிப்பை முடித்துப் படைக்கல்லூரியிற் சேர்ந்த இளைஞரும் இளம்பெண்களும் இக்கலத்தில் வந்து ஏறுகின்றனர். முதல் நாள் அவர்கள் காண்பதென்ன? பக்கச் சுவர்களை ஒட்டி வரிசை வரிசையாக முளைகள். முளைதோறும் சுற்றிக் கட்டிய கயிறு. எல்லாம் ஒரே நிறம். எல்லாம் ஒரே பருமன் போலத் தோன்றும். ஒன்று பாயை மேலேற்றும். ஒன்று அதன் மூலையைக் கீழிழுக்கும். ஒன்று குறுக்குமரத்தைத் திருப்பும். எது எதுவென்று சொல்லும் பலகை எதுவும் அவற்றின்மேல் தொங்குவதில்லை. பெயரும் இடமும் வேலையும் நெஞ்சிற் பதிய வேண்டும்; பதியும்வரை கேட்டுக்கொண்டே இருப்பர். பகலிற் சொன்னாற் போதாது. நள்ளிரவில், மழையில், தளம் சாய்ந்தாடும்போது, கையால் தடவியே இன்ன கயிறு இதுவெனச் சொல்லித் தொடவேண்டும்.

அதே நாள்களிற்றான் கடல்மயக்கம் அவர்களை வாட்டுகின்றது. உண்டது தங்காது; தலை சுழலும். ஆயினும் முறைக்காவல் நிற்கவேண்டும், தளத்தைத் தேய்க்கவேண்டும், கூம்பேற வேண்டும். ஏறும்போது ஒரு கை கலத்தின் வேலைக்கு, ஒரு கை தன் உயிருக்கு என்பதே முதற் பாடம். இஃது அச்சுறுத்தற்குச் சொல்லும் பழமொழியன்று. செருமானியக் கடற்படையின் பயிற்சிக்கலமான 'கோர்க்பாக்'கில் 2010 நவம்பர்த் திங்களில், அலுவலர்ப் பயிற்சியில் இருந்த 25 அகவைப் பெண்ணொருத்தி ஏறத்தாழ 90 அடி உயரத்திலிருந்து வீழ்ந்து மாண்டாள். அதன்பின் அந்நாட்டில் எழுந்த கேள்விகள் பல. பயிற்சியே நிறுத்தப்பட்டது, பின்னர்க் கரையிலேயே பயிற்சிக்கூம்பொன்றை நட்டு, அதிலேறிப் பழகியபின் கலத்திற்குச் செல்லுமாறு செய்தனர்.

இத்தகைய இடத்தில் சொல் என்பதென்ன? அங்கே சொல்தான் கை; சொல்தான் கால். மேலே பத்துப்பேர் குறுக்குமரத்தின்மேல் நிற்கின்றனர். கீழே பத்துப்பேர் கயிறு பிடிக்கின்றனர். கட்டளை பிறக்கின்றது. தவறான கயிற்றை ஒருவன் அவிழ்த்தால் மேலே நிற்பவன் காலடியில் மரம் அசையும். கட்டளையைக் கேட்டு, அதனை உள்ளத்துள் தன்மொழிக்கு மாற்றி, பின் பொருளுணர்ந்து கைநீட்ட அங்கே பொழுதில்லை. செவியிற்பட்ட சொல் இமைப்பொழுதில் கையாக வேண்டும். பிறமொழிச் சொல்லையும் பல்லாண்டு பழகினால் அவ்வாறு ஆக்கிக்கொள்ளலாம், நாம் மறுக்கவில்லை. ஆனால் எந்த மொழி தாய்ப்பாலோடு குருதியிற் கலந்ததோ அந்த மொழிக்கு அப்பல்லாண்டு தேவையில்லை. இவ்வெளிய உண்மையை உலகத்துக் கடலோடி இனங்களெல்லாம் அறிந்திருக்கின்றன. இத்தாலியர் இத்தாலியத்திலும் செருமானியர் செருமானியத்திலும் கயிற்றின் பெயரைக் கற்கின்றனர்.

'ஈகிள்' கலத்தின் வரலாறே இதற்குத் தக்க சான்று. அஃது அமெரிக்கர் கட்டியதன்று. 1936-இல் செருமனியில், அம்பர்க்கு நகரிற் கட்டப்பெற்றது. இற்றலரின் கடற்படை இளைஞர் அதிற் பயின்றனர். இரண்டாம் உலகப்போரில் தோற்ற செருமனியிடமிருந்து 1946-இல் அமெரிக்கர் அதனைப் பெற்றனர். அவ்வளவு பெரிய பாய்க்கலத்தைச் செலுத்தும் பட்டறிவு அவர்களிற் பெரும்பாலோர்க்கு இல்லை. அதனாற் செருமானியக் கலவர் சிலரைத் துணைக்கொண்டே கடலைக் கடந்தனர். வழியிற் பெரும்புயலிலும் சிக்கித் தப்பினர். கலமும் செருமானியருடையது, கற்பித்தவரும் செருமானியர். ஆயினும் அமெரிக்கர் தம் பிள்ளைகளைச் செருமானியச் சொற்களால் பயிற்றினரா? இல்லை! கலத்தை ஏற்றனர், தொழிலைக் கற்றனர், ஏவலைத் தம்மொழிக்கு மாற்றிக்கொண்டனர். தோற்றவனிடமும் கற்பது அறிவு; கற்றதைத் தனதாக்குவது மானம்.

"கடலிற் பிறநாட்டுக் கலத்தோடு பேச ஆங்கிலம் வேண்டாவா?" என்பர். வேண்டும். செருமானியனும் இத்தாலியனும் அதற்காக ஆங்கிலம் கற்றே இருக்கின்றனர். கலத்துக்குக் கலம் பேசும் மொழி வேறு. கலத்தினுள் கைக்குக் கை பேசும் மொழி வேறு. அண்டைவீட்டானோடு பேசக் கற்ற மொழியிலேயே அடுப்பங்கரையிலும் பேசவேண்டுமென்று எவன் விதித்தான்?

"தமிழில் அதற்கெல்லாம் சொல் ஏது?" என்பர். சுக்கான் அரபு, நங்கூரம் பாரசீகம் என்று எடுத்துக்காட்டி நகைப்பர். ஆங்கிலக் கடற்சொற்களுட் பல ஒல்லாந்தரிடம் கடன்பெற்றவை என்பதை மட்டும் சொல்லார். கடன்பெற்ற ஆங்கிலன் தன் கடையை விற்றுவிடவில்லை. நமக்கோ கடையே பெரிது! கூம்பும், பாயைக் குறிக்கும் இதையும், கலஞ்செலுத்தும் நீகானும் கழக நூல்களிலேயே உள்ளன. முன்தலையை அணியம் என்றும் பின்தலையை அமரம் என்றும் வழங்கும் மீனவர் இன்றும் நம் கரையில் வாழ்கின்றனர். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவன் எவன்? கட்டுமரத்தை ஆங்கிலனுக்குச் சொல்லோடு கொடுத்தவன் எவன்?

ஏட்டுப் பெருமை மட்டுமா இது? 1930-இல் ஈழத்து வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய இருகூம்புக்கலம் 'அன்னபூரணி'. அதனை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறைத் தமிழரே அதனைச் செலுத்திச் சென்று 1938-இல் அமெரிக்காவின் குளோசுட்டர்த் துறையிற் சேர்த்தனர். அக்கலத்தின் நீளம் ஏறத்தாழ 89 அடி. அதிற் கயிறு பிடித்தவர் கடற்கல்லூரி கண்டவரல்லர், கலத்திலேயே பயின்றவர். பாயேற்றவும் இறக்கவும் தமக்குள் அவர்கள் ஏவிக்கொண்ட சொற்கள் வேறெந்த மொழியினவாய் இருந்திருக்கும்? தமிழால் உலகக்கடல் கடக்க முடியாதென்பவன், அக்கலம் அமெரிக்கக் கரையைத் தொட்ட நாளை என்ன சொல்லி மறைப்பான்?

600 கல்லுக்கு மேல் கடற்கரையுடையது தமிழ்நாடு. கடல்தொழிற் கல்விக்கு வரும் தமிழிளைஞனின் முதல்நாள் எப்படி இருக்கின்றது? தன் பாட்டன் வாயில் வழங்கிய சொல்லைக் கல்லாதார் பேச்சென்று ஒதுக்கிவிட்டு, அதே பொருளுக்கு ஆங்கிலப் பெயரை மனப்பாடம் செய்கின்றான். கடலில் தலைசுற்றுவது சில நாளிற் போய்விடும். இந்தத் தலைசுற்றல் வாழ்நாளெல்லாம் போவதில்லை.

செய்யவேண்டியவை மூன்று. தூத்துக்குடித் தோணியிலும் வல்வெட்டித்துறைக் கலத்திலும் பாயேற்றிய முதியோர் இன்னும் எஞ்சியிருக்கும்போதே அவர்தம் சொற்களைத் திரட்டி அகரமுதலி ஆக்குக! கடல்தொழிற் கல்லூரிகளில் கயிறும் பாயும் காற்றும் பற்றிய முதற்பாடத்தைத் தமிழில் தருக! சிறிதேயாயினும், தமிழில் ஏவல் ஒலிக்கும் பாய்க்கலம் ஒன்றை நம் இளைஞர் பயிலக் கடலில் இறக்குக!

ஒரு முதியவர் மறையும்போது ஒரு கயிற்றின் பெயரும் மறைகின்றது. பெயர் மறைந்த கயிற்றை நம் பிள்ளைகள் பிறன் பெயரால் மட்டுமே அழைப்பர். தமிழிளைஞனே, கரையில் நின்று பழம்பெருமை பேசியது போதும். கயிற்றைப் பிடி, அதன் பெயரைத் தமிழிற் சொல், பின் கூம்பேறு!