லைசென்ஸ் இல்லாத ரேடியோ

சேக்காட்டிலிருந்து ஒரு நேயர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய குமாரன் சிறியதோர் எப்.எம். ஒலிபரப்புக் கருவி செய்திருக்கிறானாம்; அடுத்த தெரு ரேடியோவிலும் அவன் குரல் கேட்கிறதாம். கண்டிப்பதா, தட்டிக் கொடுப்பதா என்று தகப்பனாருக்குச் சந்தேகம்.

தட்டிக் கொடுக்க வேண்டியதுதான்; கருவியை மட்டும் நிறுத்திவிட வேண்டும். பீஹாரில் மன்சூர்பூர் கிராமத்து ராகவ் மகதோ என்பவர் சுமார் 50 ரூபாய்ச் செலவில் இதே வித்தையைச் செய்தார். மூங்கிலில் ஏரியலைக் கட்டி, பாட்டும் ஊர்ச் செய்தியும் காணாமற்போன குழந்தைகளைப் பற்றிய அறிவிப்பும் ஒலிபரப்பினார். ஜனங்கள் கொண்டாடினார்கள். லைசென்ஸ் இல்லையென்று 2006-இல் சர்க்கார் அதை மூடிவிட்டது.

அந்நிய ஆட்சிக்கு ரேடியோவிடம் இருந்த பயம் பிரசித்தம். 1942-இல் ஸ்ரீமதி உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் காங்கிரஸ் ரேடியோவை இரகசியமாக நடத்திச் சிறை சென்றார்கள். சுயராஜ்யத்திலும் 1885, 1933-ஆம் வருஷத்துச் சட்டங்களே நெடுநாள் நீடித்தன. 2023-இல்தான் அவற்றுக்குப் பதிலாகப் புதுச் சட்டம் இயற்றப்பட்டது.

விதியே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எப்.எம். அலைவரிசை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதற்கு அடுத்தாற்போல் ஆகாய விமானங்களின் வரிசை தொடங்குகிறது. செம்மையாக அமையாத கருவி அங்கேயும் போய் இரைச்சலிடும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானிக்குச் சேக்காட்டுப் பையனின் சினிமாப் பாட்டு எதற்கு? ஆயினும் அமெரிக்காவில் சுமார் 200 அடி எட்டும் மிகச் சிறிய எப்.எம். ஒலிபரப்புக்கு லைசென்ஸ் கேட்பதில்லை. அவ்வளவு தாராளம் நமது சர்க்காருக்கும் இருக்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

இங்கேயும் ஒரு சிறு வாசல் உண்டு. 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பொதுமக்கள் அலைவரிசையில், 5 வாட்டுக்கு மேற்படாத கருவியில் லைசென்ஸ் இன்றிப் பேசலாமென்று 2005-இல் விதி செய்தார்கள். கருவி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். பிறர் குறுக்கிட்டால் முறையிட இடமில்லை. வீட்டில் செய்த கருவிக்கு இது உதவாது.

கையால் செய்து பேச ஆசையுள்ளவனுக்கு அமெச்சூர் லைசென்ஸே வழி. பரீட்சை ஒன்று எழுத வேண்டும். மின்சாரப் பாடமும் விதிகளுமே அதில் முக்கியம். பாட்டு ஒலிபரப்ப முடியாது. ஆனால் கடல் கடந்து பேசலாம். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது ஸ்ரீமதி பாரதி பிரசாத் போர்ட் பிளேரில்தான் இருந்தார். டெலிபோன் அறுந்த தீவுகளிலிருந்து, உறவினரைத் தேடித் தவித்த குடும்பங்களுக்குச் சேதி சொன்னவை அவரும் அவருடைய கோஷ்டியினரும் கையாண்ட அமெச்சூர் கருவிகளே.