குழி எங்கே, கிணறு எங்கே?

மகளுக்கு வீடு கட்ட ஒரே வளவை இரண்டாக்குகிறோம். டைல்ஸ் என்ன நிறம் என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். மலசலகூடக் குழியை மட்டும் மேசன் காட்டிய மூலையில் வெட்டிவிடுகிறோம். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு!

நமது கிழக்குக் கரையோரம் மணல் தரை. நிலத்தடி நீரும் ஆழத்தில் இல்லை. அடி பூசாத குழியின் கழிவு இலகுவாகக் கிணற்றுக்குப் போய்விடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

ஆகவே சகோதரர்களே, பிளான் கீறமுன் நம் கிணற்றையும் அயலவர் கிணற்றையும் அதில் குறியுங்கள். குழிக்கும் கிணற்றுக்கும் போதிய இடைவெளி விடுங்கள். இடம் போதாவிட்டால் குழி வெட்டமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். தேவைப்பட்டால் அறையொன்றைக் குறையுங்கள். அயலவர் பிள்ளை குடிக்கும் தண்ணீருக்கும் நாம்தான் பொறுப்பு.