செராம்பூர் வீட்டின் சனிக்கிழமை மாலை



வெளிநாட்டுப் பணித்தளங்களுக்குப் புறப்படுகிறவர்களுக்கு மொழிப் பயிற்சி தருகிறோம், பண்பாட்டு வகுப்பு நடத்துகிறோம், தடுப்பூசி போட்டு அனுப்புகிறோம். ஒரே வளாகத்தில், ஒரே வண்டியைப் பங்கிட்டுக்கொண்டு, இரண்டு மூன்று குடும்பங்கள் வருடக்கணக்கில் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பாதியில் ஊர் திரும்பியவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். முதலில் விசா, பிள்ளைகளின் படிப்பு, உடல்நிலை என்பார்கள். பேச்சு நீள நீள உடன் ஊழியரின் பெயர் வரும். ஜெனரேட்டருக்கு டீசல் யார் வாங்குவது, ஞாயிறன்று வண்டி யாருக்கு, தலைமையகத்திலிருந்து வந்தவருக்கு யார் வீட்டில் சாப்பாடு என்று தொடங்கிய கசப்பு, ஒரே மேஜையில் திருவிருந்து எடுக்க முடியாத அளவுக்கு முற்றியிருக்கும். எந்த ஜெபக் கடிதத்திலும் இதை நாம் எழுதுவதில்லை.

நம்மில் பலர் செராம்பூர் பட்டம் பெற்றவர்கள். அந்த ஊரின் முதல் மிஷனெரிகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டார்கள் என்பது நம் பாடத்தில் பெரிதாக வந்ததில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனெரிகளை விடாததால், தரங்கம்பாடியைப்போல டேனிஷ் ஆளுகையில் இருந்த செராம்பூரில் அவர்கள் தங்கினார்கள். 1800 ஜனவரி 10 அன்று வில்லியம் கேரி குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வீடு, ஒரே பந்தி, ஒரே பணப்பெட்டி.

வந்த சில நாட்களிலேயே விதிகள் வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் வார்டின் நாட்குறிப்பில் அவை இருக்கின்றன. பிரசங்கமும் ஜெபமும் முறைவைத்து நடக்கும். வீட்டு நிர்வாகம் மாதம் ஒருவர் கையில் இருக்கும். கணக்கும் மருந்துப் பெட்டியும் கேரியின் பொறுப்பு, நூலகம் உடன் மிஷனெரி ஃபவுண்டனின் பொறுப்பு. தனக்கென்று யாரும் வியாபாரம் செய்யக் கூடாது. சனிக்கிழமை மாலை எல்லோரும் கூடி, அந்த வாரத்து மனஸ்தாபங்களைப் பேசித் தீர்த்து, ஒருவரையொருவர் நேசிப்போம் என்று மறுபடி உறுதி சொல்ல வேண்டும்.

உடன் மிஷனெரிகளில் கிராண்ட், கேரி வந்து சேருமுன்பே இறந்திருந்தார். 1801 முடிவதற்குள் ஃபவுண்டன், பிரன்ஸ்டன், தாமஸ் மூவரும் இறந்துவிட்டார்கள். மிஞ்சிய கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும், 1823-இல் வார்டு காலராவில் இறக்கும்வரை ஒன்றாகவே உழைத்தார்கள். கோட்டை வில்லியம் கல்லூரியில் கேரிக்குக் கிடைத்த மாதம் 500 ரூபாய் சம்பளமும், மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய பள்ளிகளின் வருமானமும் பொதுப் பெட்டிக்கே போயின. 1805-இல் தங்கள் ஊழியத்தைப் பற்றி எழுதிய உடன்படிக்கையை ஆண்டுக்கு மூன்றுமுறை எல்லாப் பணித்தளங்களிலும் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். அவர்களது வேதாகம மொழிபெயர்ப்பும் அச்சகமும் இந்த ஒற்றுமையின்மேல்தான் நின்றன.

அந்த வீட்டின் துயரத்தையும் மறைக்கக் கூடாது. கேரியின் மனைவி டாரதி, 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டரைப் பறிகொடுத்தபின் மனநலம் குலைந்தார். 1807-இல் இறக்கும்வரை தேறவில்லை. தாயின் கவனிப்பு இல்லாத பிள்ளைகளை ஹன்னா மார்ஷ்மன் அரவணைத்தார். அன்று அந்த நோய்க்கு மருத்துவம் இல்லை. இன்று இருக்கிறது, அதற்குப் பணம் ஒதுக்கத்தான் நம் சங்கங்கள் தயங்குகின்றன. இன்னொரு துயரமும் உண்டு. பிறகு வந்த இளம் மிஷனெரிகள் மூத்தவர்களோடு ஒத்துப்போக முடியாமல் கல்கத்தாவில் தனியே பிரிந்தார்கள். முதல் தலைமுறை தனக்கென்று வகுத்த ஒழுங்கு, அடுத்த தலைமுறைக்குத் தானாக ஒட்டிவிடாது.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறோம். முதலாவது, பணித்தளத்தின் வீட்டு வேலை, வண்டி, கணக்கு ஆகியவற்றை எழுத்தில் பிரித்து, மாதந்தோறும் கைமாற்றுங்கள். புதிதாக ஒரு குடும்பம் வந்தால், அவர்களையும் உட்காரவைத்து அதைத் திருத்தி எழுதுங்கள். இரண்டாவது, அனுப்பும் சங்கங்கள் மிஷனெரியின் மனைவியிடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது தனியாகப் பேச ஒரு சகோதரியை அனுப்பட்டும். மனநல ஆலோசனைக்கான செலவை மருத்துவச் செலவாகவே ஏற்கட்டும். மூன்றாவது, வாரத்தில் ஒரு மாலையைச் சமாதானத்துக்கென்று ஒதுக்குங்கள். அந்த மாலையில் அறிக்கை, திட்டம், புள்ளிவிவரம் எதுவும் வேண்டாம். யார்மேல் என்ன குறை என்று முகத்துக்கு முகம் சொல்லுங்கள், மன்னிப்புக் கேளுங்கள், பிறகு ஜெபியுங்கள்.

நாம் பேசும் சுவிசேஷத்தைக் கேட்பதற்கு முன்பே அக்கம்பக்கத்தார் நம் வீடுகளைப் பார்த்துவிடுகிறார்கள். உடன் ஊழியரோடு பேச்சில்லாமல் இருந்தால், இந்தச் சனிக்கிழமையே அவர் கதவைத் தட்டுங்கள்.