கட்டாதே என்று சொன்னால் மதிப்பெண் உண்டா?

தமிழ்நாட்டின் எந்தக் கட்டடக்கலைக் கல்லூரிக்கு வேண்டுமானாலும் ஏப்ரல், மே மாதங்களில் போய்ப் பாருங்கள். இறுதியாண்டு ஜூரி, அதாவது நடுவர்கள் முன் நடக்கும் வடிவமைப்புத் தேர்வு, நடந்துகொண்டிருக்கும். மூன்று இரவு தூங்காத கண்களோடு ஒரு மாணவர் தன் ஷீட்டுகளைச் சுவரில் ஒட்டிவிட்டு நிற்பார். முதல் ஷீட்டில் சூரியன் போகும் பாதை, காற்று வீசும் திசை, அம்புக்குறிகள், பச்சைப் பச்சையாய் மரங்கள். நான்காவது ஷீட்டில் கட்டடம். கிழக்கிலும் மேற்கிலும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. மொட்டைமாடியில் சோலார் பலகைகள், பால்கனியில் தொங்கும் கொடி. நடுவர்கள் கணினியில் தீட்டிய ‘ரெண்டர்’ படத்தைப் பார்த்து மெச்சுவார்கள். முதல் ஷீட்டுக்கும் நான்காவது ஷீட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் “டபுள் கிளேஸிங் போட்டிருக்கேன் சார்” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ‘சஸ்டெயினபிள் டிசைன்’ என்று தலைப்பிட்ட அந்த வேலைக்கு நல்ல மதிப்பெண்ணும் விழும்.

பாடத்திட்டத்தில் உள்ள சின்னக் குறை என்று இதைச் சொல்லித் தட்டிக்கழிக்க நாம் தயாராக இல்லை. ஐந்து ஆண்டுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓர் இளைஞருக்குப் பொய் சொல்லப் பழக்குவது இது. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவது ஒரு வகைப் பொய். தெரிந்தே, முதல் ஷீட்டில் தானே வரைந்து காட்டிய உண்மையை நான்காவது ஷீட்டில் மறைப்பது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் நம் கல்லூரிகள் பயிற்றுவிக்கின்றன.

வெயிலின் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது உச்சியைத் தாண்டி வடக்கே கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஆகவே இங்கே ஒரு கட்டடத்தை வதைப்பவை மூன்று: கூரை, கிழக்குச் சுவர், மேற்குச் சுவர். குளிர்நாட்டுப் பாடப்புத்தகத்தில் தெற்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்து வெயிலை உள்ளே அழைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அங்கே வெயில் விருந்தாளி. இங்கே அப்படியா? சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். விலை கூடிய பூச்சுக் கண்ணாடி அதை வெகுவாகக் குறைக்கும், ஆனால் நிழல் விழுந்த ஒன்பதங்குலச் செங்கல் சுவருக்கு அது ஈடாகாது. உள்ளே வந்த வெப்பத்தை ஏ.சி. வெளியே தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாகச் சேர்த்தே வெளியே கொட்டும். எங்கே? தெருவில். வாசலில் நிற்கும் காவலாளி மீது, நடைபாதையில் பூ விற்கும் அம்மாவின் மீது. அந்த மின்சாரத்தின் ஒரு பகுதி நிலக்கரியில் பிறப்பது. அதன் சாம்பல் எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் என்ன செய்திருக்கிறது என்பதை அங்குள்ள மீனவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிச் சுவர் எழும்பினால் அதன் விலையைக் கொடுப்பவர் உள்ளே சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பவர் அல்ல.

இதே ஜூரியில் ஒரு மாணவர் தூணே இல்லாமல் இருபதடிக்கு ஸ்லாபை நீட்டியிருந்தால் என்ன நடக்கும்? ஸ்ட்ரக்சர் பேராசிரியர் அந்த இடத்திலேயே சிவப்பு மையில் வட்டமிடுவார். “விழுந்துடும்ப்பா, போய்த் திருத்திட்டு வா” என்பார். வாடிக்கையாளர் அப்படித்தான் கேட்டார் என்ற சமாதானம் அவரிடம் எடுபடாது. பாரத்துக்கு இருக்கும் இந்தக் கண்டிப்பு வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் ஏன் இல்லை? ஸ்லாப் விழுந்தால் மறுநாள் பத்திரிகையில் வரும், போலீஸ் வரும். வெப்பம் அறுபது ஆண்டுகளுக்குச் சத்தமில்லாமல் கொல்லும். கையெழுத்துப் போட்டவரைத் தேடி எவரும் வரமாட்டார்கள். தண்டனை கிடையாது என்பதால்தான் இந்தப் பாடம் தளர்ந்துபோய்க் கிடக்கிறது.

தளர்ச்சி எங்கே தொடங்குகிறது என்பதும் தெரிந்ததே. வளங்குன்றா வடிவமைப்பு பல கல்லூரிகளில் தனித் தாள், சிலவற்றில் விருப்பப்பாடம். அதைக் கற்பிப்பவர் ஒருவர், டிசைன் ஸ்டுடியோவை நடத்துபவர் வேறொருவர். தேர்வில் வரையறை கேட்பார்கள், தரச்சான்றுகளின் புள்ளிப்பட்டியல் கேட்பார்கள். ஹைதராபாத்தில் சி.ஐ.ஐ.யின் பசுமை வணிக மையம் 2003இல் லீட் பிளாட்டினம் தரச்சான்று வாங்கியது, டெரி நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து 2007இல் க்ருஹா தரச்சான்றைக் கொண்டுவந்தன, இந்த வரலாறெல்லாம் மனப்பாடமாக வரும். சான்றுகளை நாம் பழிக்கவில்லை. அவை வராத காலத்தில் இந்தப் பேச்சு இவ்வளவு பரவலாக இல்லை. ஆனால் அவற்றின் புள்ளிகளில் பெரும்பகுதி வரைபடத்திலும் கணக்கிலும் வாங்குபவை. ஐந்து வருடம் கழித்து வரும் மின்கட்டண ரசீது வேறு கதை சொல்லலாம். மாணவர் கற்றுக்கொள்வது புள்ளி சேர்க்கும் வித்தையை. சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு ஒன்று, நாட்டுச் செடிக்கு ஒன்று.

கட்டடத்தின் உடம்பைப் பற்றிய பேச்சோ இதைவிடக் குறைவு. சிமென்ட் என்பது சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரியில் சுடுவது. சூளைக்கு எரிக்கும் எரிபொருள் போக, அந்தக் கல்லே உடையும்போது தனக்குள் இருக்கும் கரியமில வாயுவை விட்டுவிடும். சூளையைச் சூரிய ஒளியில் ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சிமென்டின் பங்கு மட்டும் 7, 8 சதவீதம். சீனாவுக்கு அடுத்தபடி உலகில் அதிகம் சிமென்ட் செய்யும் நாடு இந்தியா. இதையெல்லாம் படித்த மாணவர் தன் ஸ்லாபின் கனம் எவ்வளவு, அதில் எத்தனை மூட்டை போகிறது என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டிருக்கிறாரா? மொட்டைமாடியின் சோலார் பலகைக்கு ஒரு ஷீட் முழுக்க இடம் உண்டு. அதைத் தாங்கி நிற்கும் கான்கிரீட்டுக்கு ஒரு வரி கிடையாது.

மாற்று தெரியவில்லை என்று இந்த நாட்டில் எவரும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் 2007இல் காலமான லாரி பேக்கர், செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் முறையை ஊரறியச் செய்தார். எலிப்பொறிக் கட்டு என்பார்கள். கால்வாசிச் செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் எழுபதுகளிலிருந்து அங்கேயே நிற்கிறது. சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா திட்டம் மண்கல்லைப் பற்றிப் பல்லாண்டு ஆய்ந்தது. ஆரோவில் மண் நிறுவனம் நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் சேர்த்து அழுத்திய மண்கல்லில் மாடிவீடுகளும் வளைவுக் கூரைகளும் எழுப்பி, உலகெங்குமிருந்து வருபவர்களுக்குப் பயிற்சி தருகிறது. சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஸ்டுடியோவுக்கு அழைத்து, நாற்காலி போட்டு, ‘ஆசிரியர்’ என்று பெயர்ப்பலகை வைத்த கல்லூரிகள் எத்தனை? பட்டம் இல்லாதவர் வகுப்பெடுக்க விதி இடங்கொடாது என்பார்கள். விதி வெட்கப்பட வேண்டிய இடம் அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாற்று என்றதும் முற்றம், திண்ணை, ஆத்தங்குடித் தளக்கல் என்று உருகும் ஒரு கூட்டம் இருக்கிறது. செட்டிநாட்டு வீடு வெயிலை ஆள்வதில் கெட்டிக்கார வீடு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. கடல்கடந்த வட்டித்தொழிலின் பணம் அது. வீடு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளில் எழ வேண்டும் என்று காந்தி சொன்னதைத்தான் பேக்கர் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். அந்த அளவுகோலில் செட்டிநாட்டு மாளிகை தேறாது. திண்ணையை ரெண்டரில் ஒட்டவைப்பதும் கொடியைப் பால்கனியில் தொங்கவிடுவதும் ஒரே வேலைதான்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும், கட்டத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். பிரான்ஸின் போர்தோ நகராட்சி 1996இல் லியோன் ஒகோக் என்ற சிறிய சதுக்கத்தை அழகுபடுத்தித் தரச் சொல்லி ஆன் லக்கத்தோன், ஜான் பிலிப் வசால் என்ற இரு கட்டடக்கலைஞர்களிடம் கொடுத்தது. அவர்கள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தார்கள். மரங்கள் இருந்தன, பெஞ்சுகள் இருந்தன, வயதானவர்கள் பந்து உருட்டி விளையாடினார்கள், குடியிருப்போர் மனநிறைவோடு இருந்தார்கள். இங்கே எதையும் கட்டத் தேவையில்லை, சரளையை மாற்றுங்கள், மரங்களைப் பராமரியுங்கள், ஒழுங்காகப் பெருக்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதுவே அவர்களின் வடிவமைப்பு. அதே நகரில் 530 வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பை, இடிக்காமலும் குடியிருந்தவர்களை வெளியேற்றாமலும் வெளிப்புறம் விரித்துப் புதுப்பித்தார்கள். 2021இல் பிரிட்ஸ்கர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

நம் மாணவர் ஒருவர் இதைச் செய்து பார்க்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் சென்னை. சதுப்புநிலத்தின் மேல் எதையெல்லாம் கட்டினோம் என்பதை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று உணர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட ஊரில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் ஓர் ஐ.டி. வளாகம் என்று தலைப்புக் கொடுத்தால், மண்ணை ஆராய்ந்து, மழைநீர் வழியை அளந்து, ‘இங்கே கட்டக்கூடாது; இந்த அலுவலகத்தை நகருக்குள் காலியாக நிற்கும் இந்தப் பழைய கட்டடத்தில் வைக்கலாம்’ என்று அந்த மாணவர் எழுதினால் அவருக்கு என்ன கிடைக்கும்? பதிலுக்கு ஜூரிவரை போக வேண்டியதில்லை. பல கல்லூரிகளில் தீசிஸ் தலைப்புக்கு அனுமதி கேட்கும்போதே குறைந்தபட்சக் கட்டடப் பரப்பு என்று ஓர் அளவு கேட்பார்கள். அதற்குக் குறைந்தால் தலைப்புத் தேறாது. கட்டாமல் விடுவது என்ற விடை, கேள்வித்தாள் அச்சாகும் முன்பே அடித்துத் திருத்தப்பட்டுவிட்டது. வளங்குன்றா வடிவமைப்பை ஒரு கையால் கற்பித்து மறு கையால் சதுர மீட்டரை அளந்து வாங்கும் கல்லூரி தன் பாடத்தைத் தானே நம்பவில்லை.

சந்தை இப்படித்தான் கேட்கிறது, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க வேண்டாமா என்பது கல்லூரிகளின் வாதம். கேட்கக் கவலை தோய்ந்த வாதம்தான், ஆனால் நிற்காது. 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டம் காப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரை மட்டுமே, வடிவமைக்கும் வேலையை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. நம் ஊரின் பெரும்பாலான வீடுகள் மேஸ்திரியும் சிவில் இன்ஜினீயரும் எழுப்பியவை. கேட்டதைக் கட்டிக்கொடுக்க அவர்கள் போதும். ஐந்தாண்டு படித்தவருக்குச் சமூகம் தனிப் பெயர் கொடுத்திருப்பது, கேட்டவரிடம் ‘இது வேண்டாம்’ என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர் என்பதற்காக. அந்த ஒன்றைக் கற்பிக்காமல் விட்டால் பெயரில் என்ன மிச்சம்?

ஆகவே பொறுப்பை இப்படிப் பங்கிடுவோம். முதல் குற்றம் கட்டடக்கலை கவுன்சிலுடையது. நூலகத்தில் எத்தனை புத்தகம், எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றெல்லாம் எண்ணிப் பார்க்கத் தெரிந்த அமைப்புக்குக் கல்லூரி கற்பிக்கும் உண்மையை எடைபோடத் தெரியவில்லை. அடுத்தது கல்லூரி நிர்வாகங்கள். மூன்றாவது, ஜூரிக்கு வந்து ரெண்டரை மெச்சிவிட்டு, மறுநாள் தம் அலுவலகத்தில் அதே கண்ணாடிச் சுவருக்குக் கையெழுத்திடும் மூத்த கட்டடக்கலைஞர்கள். மாணவரை நாம் முழுக்க விடுவிக்கவில்லை. முதல் ஷீட்டை வரைந்தவர் அவர்தான். சூரியன் எந்தப் பக்கம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மதிப்பெண் என்ற கயிறு பெரியவர்கள் கையில் இருக்கிறது.

அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் தான் உண்டாக்கும் அளவே மின்சாரம் செலவிடும் ஆய்வுக் கட்டடம் ஒன்றை 2015இல் தன் வளாகத்திலேயே எழுப்பியது. கட்டடமே கருவி, கட்டடமே பாடம். அந்த அளவுக்குப் பணம் எல்லாரிடமும் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். பணம் வேண்டாத காரியங்கள் உண்டு. வெயில் சுவரில் என்ன செய்கிறது என்ற கணக்குத் தேறாவிட்டால் டிசைன் தேறாது என்று ஸ்டுடியோ விதியை மாற்றலாம். முதலாண்டு முடியும் முன் ஒவ்வொரு மாணவரும் சித்தாளாகப் பத்து நாள் நிற்கலாம். கல்லூரியின் மாத மின்கட்டண ரசீதை நுழைவாயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். கண்ணாடி முகப்புக்குப் பின்னால் திரையை இழுத்துவிட்டு, பகல் இரண்டு மணிக்கு ட்யூப்லைட் போட்டு, ‘இயற்கை வெளிச்சம்’ என்று ஷீட் வரையும் ஸ்டுடியோக்களில் அந்த ரசீதைப் படிப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். தீசிஸ் படிவத்தில் குறைந்தபட்சப் பரப்பு கேட்கும் அந்த ஒரு வரியை வரும் கல்வியாண்டுக்கு முன் அடித்துவிடலாம். அதற்கு ஒரு பேனா போதும்.