கடன் வாங்கிய அளவுகோல்

ஒரு பொருளை அளக்கப் புகுவார் முதற்கண் அதற்குரிய கோலைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். கோல் பிழைப்பின் அளவு பிழைக்கும். அளவு பிழைப்பின் மதிப்பும் பிழைக்கும். நெல்லை முழத்தாலும் துணியை மரக்காலாலும் அளக்கப் புகுவாரை ஊர் நகைக்கும். ஆயின், கலையை அளக்குங்கால் மட்டும் தமிழர் இந்நகைப்பிற்குரிய செயலைச் சிறிதும் கூச்சமின்றிச் செய்து வருகின்றனர்.

தமிழ்த் திரையில் ஒருவர் சிறந்து விளங்கினால், அவரைப் பாராட்டுதற்கு உடனே ஓர் அயலார் பெயர் தேவைப்படுகின்றது. கலைவாணர் என்.எசு.கிருட்டிணன் ‘இந்தியாவின் சாப்ளின்’ ஆனார். நாகேசு ‘தமிழகத்தின் செர்ரி லூயிசு’ ஆனார். நடிகர் திலகம் சிவாசி கணேசனோ ‘இந்தியாவின் மார்லன் பிராண்டோ’ ஆக்கப்பட்டார். இப்பெயர்களைச் சூட்டியவர் அவர்களின் பகைவரல்லர். அவர்களைத் தலைமேற் கொண்டு போற்றிய சுவைஞரே என்பதுதான் இரங்கத்தக்கது. ‘இன்னாரைப் போன்றவர்’ என்பது புகழுரை போலத் தோன்றினும், அதனுள் ஓர் இறக்கம் மறைந்து கிடக்கின்றது. அவ்வின்னார் மூலம், இவர் படி. மூலம் அயல்நாட்டில் இருக்கின்றது. தமிழனுக்குக் கிட்டியது படியே என்பதன்றோ அதன் உட்பொருள்?

இவ்வொப்பீடுகள் பொருந்துமா என்பதைச் சற்றே ஆய்ந்து பார்க்க. சாப்ளின் பேசாப் படத்தில் உடலசைவு ஒன்றையே மொழியாகக் கொண்டு உலகை வென்றவர். கலைவாணரோ நாகர்கோவில் மண்ணின் வில்லுப்பாட்டில் ஊறியவர். 1936-ஆம் ஆண்டு, படங்கள் பேசத் தொடங்கியபின் திரைக்கு வந்தவர். ‘நல்லதம்பி’ (1949) படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் கதை, தமிழர் அறிந்த நந்தனார் கதையைத் திருப்பிப் போட்டுக் கல்வியின் ஏற்றம் பேசியது. அந்நகைச்சுவை சொல்லிற் பிறந்தது, இசையில் வளர்ந்தது, ஊமைப்படத்திற்குள் அடங்காதது. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் நாகேசு படைத்த தருமியோ, வறுமையுற்ற புலவனின் ஆசையும் அச்சமும் புலம்பலும் ஒருங்கே கலந்த உருவம். மதுரைக் கோயிலையும் புலவர் அவையையும் அறியாத எந்த அயல்நாட்டு நகைச்சுவையாளனின் சாயலும் அதில் இல்லை.

இனிச் சிவாசி கணேசன்பால் வருக. மார்லன் பிராண்டோ பெருநடிகர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. 1924-இல் அமெரிக்காவின் ஒமாகா நகரிற் பிறந்து, நியூயார்க்கில் சுடெல்லா அட்லர் என்னும் ஆசிரியையிடம் பயின்றவர் அவர். உருசிய நாடக ஆசான் இசுதானிசுலாவ்சுகியின் கருத்துகளினின்று கிளைத்த பயிற்சி அது. உள்ளத்தில் உணர்வை முதலில் எழுப்புக. முகமும் குரலும் தாமே அதன்பின் வரும் என்பது அம்முறையின் சாரம். படக்கருவி முகத்திற்கு மிக அணுக்கமாக நிற்பதால், முணுமுணுப்பும் பாதியில் முறியும் சொல்லும் அங்கே பொருள் பெற்றன.

சிவாசி கணேசன் வந்த வழி முற்றிலும் வேறு. 1928-இற் பிறந்த அவர், சிறு அகவையிலேயே சிறுவர் நாடகக் குழுவிற் சேர்ந்தார். ஆண் பிள்ளைகளே பெண்டிராகவும் கிழவராகவும் அரசராகவும் நடிக்க வேண்டிய குழு அது. ஒலிவாங்கியின் துணையை நம்பாமல், கொட்டகையின் கடைசி வரிசையில் மண்தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுமாறு பேச வேண்டிய மேடை அது. அங்கே முணுமுணுத்தவனுக்கு மறுநாள் சோறு இல்லை. அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னனாக அவர் நடித்ததைக் கண்டே பெரியார் அவர்க்குச் சிவாசி என்னும் பெயரை வழங்கினார். 1952-இல் ‘பராசக்தி’ வெளிவந்தபோது, கலைஞர் மு.கருணாநிதி எழுதிய முறைமன்ற உரையாடலை அவர் முழங்கிய முழக்கம், இம்மேடைப் பயிற்சி பல்லாண்டு விளைத்த விளைச்சல். பிராண்டோவின் முதற்படமே 1950-இல்தான் வந்தது. அதற்கு முன்னரே நாடக மேடையில் உருவாகி முடிந்த ஒரு கலையை அவர்தம் படியென்று சொல்வது காலக்கணக்கிற்கும் ஒவ்வாதது.

இக்கடன்கோலால் விளைந்த கேடு புகழ்ச்சியோடு நின்றதன்று. புகழ்வார் அக்கோலை எடுத்த அன்றே, இகழ்வாரும் அதனைக் கையிற் கொண்டனர். ‘பிராண்டோ இப்படிக் கத்துவாரா? இவர் நடிப்பு மிகைநடிப்பு’ என்று கூறத் தொடங்கினர். மெல்லிய குரலே உயர்ந்த நடிப்பு, உரத்த குரல் தாழ்ந்த நடிப்பு என்பது எந்நூலின் இலக்கணம்? ஆங்கிலேயன் முன் நின்று திறை மறுக்கும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) பாஞ்சாலங்குறிச்சித் தெருக்கூத்தின் உறவினன். அவன் முணுமுணுத்தால் அது நடிப்பாகாது, பிழையாகும். அப்படத்திற்காக 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா அவரையே சிறந்த நடிகரெனத் தேர்ந்தது. 1995-இல் பிரான்சு அரசு செவாலியே விருது வழங்கியது. அயலார் பாராட்டியது சிவாசி கணேசனை; இன்னொருவரின் நிழலை அன்று. தமிழர்தாம் அவரை நிழலாக்கினர்.

இவ்வொப்பீடு பிராண்டோவுக்கும் நேர்மை செய்யவில்லை என்பதையும் கருத வேண்டும். 1953-இல் செகப்பிரியரின் ‘சூலியசு சீசர்’ நாடகத்தின் திரைவடிவில் அந்தோணியாகத் தோன்றிய அவர், கூட்டத்தின்முன் குரலெடுத்து முழங்கியவரே. ஒரு பெயரை முத்திரையாக்கிவிட்டால், அப்பெயருக்குரியவரின் பன்முகமும் மறைந்துபோகின்றது.

இது போன்றதே, ஊர்தோறும் இரு முகாம் அமைத்து நடந்த சிவாசி – ம.கோ.இரா. சொற்போரும். ‘அவருக்கு அழத் தெரியுமா?’ என்று ஒரு சாராரும், ‘இவருக்குச் சண்டையிடத் தெரியுமா?’ என்று மறுசாராரும் முழங்கிய முழக்கத்தில் ஒரு தலைமுறையின் ஆற்றல் கரைந்தது. ம.கோ.இரா. ‘நாடோடி மன்னன்’ (1958) போன்ற படங்களில் கட்டியெழுப்பியது, படந்தோறும் மாறாத ஒரு பண்புருவம். எளியோர் நம்பிப் பின்செல்லத்தக்க தலைவன் ஒருவனின் தோற்றம். சிவாசி கணேசன் நாடியது, படந்தோறும் தம்மை அழித்து வேறொருவராதல். மாறாமையே ஒருவர் நோக்கம். மாறுதலே மற்றவர் நோக்கம். இவ்விரண்டையும் ஒரு தட்டிலிட்டு எது கனம் என்பது, மலையையும் ஆற்றையும் ஓட்டப் பந்தயம் விடுவது போன்றது.

அவ்வாறாயின் ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம், ஒருவரை அவருடைய படைப்புகளோடேயே ஒப்பிடுக. அதற்குரிய கோலும் தமிழில் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறத்தற்கு நான்கு நிலைக்களன்களைக் காட்டுகின்றது. செய்யுளுக்கென வகுத்த இயலாயினும், பழைய உரையாசிரியர் அதனை நாடக வழக்கோடு இயைத்தே விளக்கினர். அழுகை என்றால் கண்ணீர் என்று அந்நூல் நிறுத்தவில்லை. இழிவுபடுத்தப்பட்டோன் அழுகை வேறு. இழந்தோன் அழுகை வேறு. முன்னை நிலையினின்று தாழ்ந்தோன் அழுகை வேறு. வறியோன் அழுகை வேறு. இந்நுட்பத்தைக் கையிற் கொண்டு ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தைப் பார்க்க. கட்டபொம்மனை இயக்கிய பி.ஆர்.பந்துலுவே இதனையும் இயக்கினார், இடைவெளியோ ஈராண்டு. ஆயினும் வ.உ.சிதம்பரனாராக வந்த சிவாசியிடம் அம்முழக்கத்தின் எச்சம் இல்லை. செல்வ வழக்கறிஞரின் நிமிர்வும், சிறையிற் செக்கிழுக்கும் உடலின் நைவும், விடுதலையாகி வந்து வரவேற்பாரின்றி நிற்பவரின் அமைதியும் மூன்று வேறு உடல்களாக அங்கே நிற்கின்றன. இழிவும் இழப்பும் தாழ்வும் வறுமையும் ஆகிய நால்வகை அழுகையும் ஒரே படத்தில் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வந்தமை காண்பார்க்கு, அவரை அளக்க அமெரிக்காவிற்குச் செல்ல வேண்டிய தேவை என்ன?

மேலும் காண்க. ‘அந்த நாள்’ (1954) பாடலே இல்லாத படம். அதில் அவர் நாட்டுக்கு இரண்டகம் செய்யும் வானொலிப் பொறியாளர். இரக்கத்தை இரந்து பெறாத தணிந்த நடிப்பு அது. ‘நவராத்திரி’ (1964) ஒன்பது மாந்தரைத் தந்தது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் நாகசுர ஒலி மதுரை சேதுராமன் – பொன்னுசாமி உடன்பிறந்தாருடையது. ஆயின் கன்னத்தின் புடைப்பும், கழுத்து நரம்பின் இறுக்கமும், மூச்சு முடிந்து மறுமூச்சுக்கு இடையிலான நொடியும் சிவாசியுடையன. ஊதியவர் அவரல்லர் என்பதை நம்ப மறுத்தோர் பலர். ‘தெய்வமகன்’ (1969) தந்தையையும் இரு மக்களையும் மூன்று நடைகளால் வேறுபடுத்தியது. ‘முதல் மரியாதை’ (1985) படத்திலோ அவர் தம் பெருங்குரலையே ஒதுக்கி வைத்துவிட்டு, சிற்றூர் முதியவர் ஒருவரின் வெறுமையைப் பார்வையால் உணர்த்தினார். உரத்துப் பேசியது இயலாமையால் அன்று, தேவையால் என்பதற்கு முப்பதாண்டு இடைவெளியில் நிற்கும் இவ்விரு படங்களும் சான்று.

இவ்வாறு கூறுவது அவர் நடித்த எல்லாமே உயர்ந்தவை என்று முரசறைவதற்கு அன்று. முன்னூற்றை நெருங்கும் படங்களில், தம் பழைய அசைவுகளையே தாம் மீண்டும் படியெடுத்தவையும் உண்டு. கதையின் வறுமையை முகத்தின் உழைப்பால் மறைக்க முயன்றவையும் உண்டு. அவற்றைக் குறையெனச் சொல்லும் துணிவும் சுவைஞர்க்கு வேண்டும். ‘கட்டபொம்மனில் பொருந்திய முழக்கம் இக்குடும்பக் கதையில் பொருந்தவில்லை’ என்பது திறனாய்வு. ‘பிராண்டோ இவ்வாறு செய்யார்’ என்பது வெறும் ஏவல். முன்னது கலையை வளர்க்கும்; பின்னது அடிமை மனத்தை வளர்க்கும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடரங்கிற்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் வகுக்கின்றது. அக்கோலுக்கும் இருபத்து நான்கு பெருவிரல் அளவு என்று வரையறை தருகின்றது. ஆடுதற்குரிய மேடைக்கே தன் கைவிரலால் கோல் செய்த இனம், ஆடுவோனை அளத்தற்கு அயலான் விரலை எதிர்நோக்கி நிற்றல் தகுமோ?

2001-இல் சிவாசி கணேசன் மறைந்தார். 2017-இல் சென்னையில் மணிமண்டபம் எழுந்தது. கல்லால் எழுப்பும் மண்டபம் கடமையின் தொடக்கமே. அவர் படங்களைக் காணாமலே பட்டப்பெயரை மட்டும் ஒப்பிக்கும் தலைமுறை வளருமாயின், மண்டபத்தில் இருப்பது யாரென்று நாளை எவர்க்கும் தெரியாது. ‘கருணன்’ (1964) படம் புதுக்கப்பட்டு 2012-இல் மீண்டும் திரைக்கு வந்தபோது, இளைஞர் திரண்டு சென்று கண்டனர்; கண்டவர்க்கு அயலார் பெயர் தேவைப்படவில்லை. பழம்படங்கள் காக்கப்படுக. காட்சி காட்சியாக எடுத்து, எந்த உணர்வு எந்த நிலைக்களனிற் பிறந்தது, உடலில் எங்கே தோன்றியது, குரலில் எவ்வாறு மாறியது என்று தமிழில் எழுதப்படுக. இனி வரும் நடிகரையும் ‘அடுத்த சிவாசி’ என்று சிறுமைப்படுத்தாது, அவரவர் பெயராலேயே அளந்தறிக.

தமிழர்களே! பிறர் பெயரை நீக்கிவிட்டால் பாராட்டச் சொல்லில்லை என்னும் நிலை நாணத்தக்கது. தமிழில் சொல் உண்டு, கோல் உண்டு. எடுத்தாளும் கைதான் வேண்டும்.