சான்றிதழுக்கு மட்டும் வந்த எதிர்ப்புச் சக்தி

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். ஆனால் வீட்டுப் பேச்சு தமிழ். கல்யாணம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பொள்ளாச்சி, கோவை என்று இந்தப் பக்கம் வருகிறவர்கள் அங்கே நிறைய.

கொரோனா காலத்தில், கேரளத்திலிருந்து தமிழகத்துக்குள் வருவோர் ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் சான்றோ, இரண்டு டோஸ் தடுப்பூசிச் சான்றோ காட்ட வேண்டும் என்ற உத்தரவு 2021 ஆகஸ்ட் 5 அன்று அமலுக்கு வந்தது. அரசுக்கு ஏதோ ஓர் அளவுகோல் வேண்டும்தான். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் மட்டும் அந்த அளவுகோல் பல்லிளித்தது.

மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், ஸ்டீராய்டு என்று அவர்கள் காலமெல்லாம் மாத்திரை விழுங்க வேண்டும். அவை எதிர்ப்புச் சக்தியையே அடக்கிவைப்பவை. அதனால் கொரோனா வைரஸ் சிலரது உடம்பை விட்டு வாரக்கணக்கில் போகாது. சான்று நெகட்டிவ் ஆகாது. தடுப்பூசியோ? உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரிடம் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், இரண்டு டோஸுக்குப் பிறகும் 46 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருளே உருவாகவில்லை.

பிரான்ஸ் 2021 ஏப்ரலிலேயே இவர்களுக்கு மூன்றாவது டோஸைப் பரிந்துரைத்தது. இந்தியா 2022 ஜனவரி 10 அன்று முன்னெச்சரிக்கை டோஸைத் தொடங்கியபோது, இணைநோயாளிகளில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே இடம். நாற்பது வயதில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் ஏப்ரல் 10 வரை காத்திருந்து, தனியார் மையத்தில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. வயதைப் பார்த்த அரசு, மாத்திரைச் சீட்டைப் பார்க்கவில்லை.

காய்ச்சல் விட்டாலும் கதை முடிவதில்லை. 2020-இல் இந்தியாவின் 13 மையங்களில் கொரோனா கண்ட 250 சிறுநீரக மாற்று நோயாளிகளில் 11.6 சதவீதம் பேர் இறந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சிறுநீரகம் திடீரென்று பழுதானது, அவர்களில் சிலர் பொருத்திய சிறுநீரகத்தையே இழந்தார்கள். தொற்றை வெல்ல மைக்கோபீனோலேட்டை நிறுத்தினால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கலாம். நிறுத்தாவிட்டால் வைரஸ் ஓங்கலாம். கொரோனா போனாலும் இந்த இழுபறி போகாது; எதிர்ப்புச் சக்தி அடங்கிய உடம்பில் தலைதூக்க வேறு வைரஸ்களும் உண்டு. சைட்டோமெகலோ வைரஸுக்காவது மாத்திரை இருக்கிறது. பி.கே. வைரஸுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இல்லை. அது வலியில்லாமல் சிறுநீரகத்தை அரிக்கும், சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிய பிறகே பலருக்குத் தெரியவரும்.

ஆகவே தொற்றுக்குப் பிந்தைய மாதங்களில் விடாத பரிசோதனைதான் காப்பு. அங்கேதான் எல்லைக்காரர்களுக்குச் சிக்கல். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க, இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரையைப் போடாமல் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிக் கோவைக்கு ஓட வேண்டும். கேரள ரேஷன் கார்டு வைத்திருப்பவருக்குத் தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டமும் கிடையாது.

அறுவை சிகிச்சை வெற்றி என்றால் அமைச்சர்கள் போட்டோவுக்கு வருகிறார்கள். பின்தொடர் பரிசோதனைக்கு யார் வருகிறார்கள்? எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் எடுக்கும் ரத்தம் வைரஸ் அளவு பார்க்க வெளியூர் ஆய்வகங்களுக்குப் போகிறது, முறை புதிதல்ல. பொள்ளாச்சி, கேரளப் பக்கத்துச் சித்தூர் அரசு மருத்துவமனைகளில் காலையில் ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். எந்தக் கார்டு வைத்திருப்பவர் என்று பார்க்காமல் எடுக்க வேண்டும். செலவை இரு மாநிலங்களும் பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.